எக்ஸ் ஓபெரெ ஓபெராத்தோவுக்கு ஓர் உதாரண வாக்கியம்

கல்லீரல் வேண்டாம் என்று அப்பா சொன்னதற்கு மறுநாள், என் பங்குக்கு வந்து சேர்ந்த சொல் எக்ஸ் ஓபெரெ ஓபெராத்தோ.

கல்லீரல் என்றால் முழுசாக இல்லை, ஒரு பகுதி. கொடுக்கிறேன் என்றது என் அண்ணன். வேண்டாம் என்றது அவனைப் பெற்ற அப்பா. நடுவில் நான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது சும்மா கிடந்து வாங்குகிறது, நான் வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டவள்.

என் வேலை அப்படி. நாங்கள் ஓர் ஆங்கில அகராதிக்கு உதாரண வாக்கியம் செய்கிறவர்கள். சொல்லுக்குப் பொருள் எழுதுகிறவர்கள் மேல்மாடியில் இருக்கிறார்கள். அந்தச் சொல்லை நாலு பேர் எப்படிப் பேசுகிறார்கள், எப்படி எழுதுகிறார்கள் என்று காட்டுவது கீழ்மாடியில் எங்கள் பாடு. புத்தகம், செய்தித்தாள், பிரசங்கம், கோர்ட்டுத் தீர்ப்பு என்று கணினி வலைபோட்டு வாக்கியங்களை அள்ளிக்கொண்டு வந்து கொட்டும். நாங்கள் உட்கார்ந்து சொத்தையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பார்த்து, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். வருஷக்கணக்கில் இதைச் செய்தால் ஒரு வியாதி வரும். யார் என்ன சொன்னாலும் அந்த வார்த்தை மாறாமல் மனசில் பதிந்துவிடும். திருப்பிச் சொல்லும்போது அப்படியே சொல்லத் தோன்றும். சாதாரண மனிதர்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, கூரான இடத்தை மழுக்கிச் சொல்வார்கள். எங்களுக்கு அது வராது.

அந்தச் சொல் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஆஸ்பத்திரியில் அண்ணனைத் தனியாக உட்காரவைத்து ஓர் அம்மாள் விசாரித்தார். உறுப்பு கொடுக்கிறவரை யாராவது மிரட்டியிருக்கிறார்களா, அழுத்தம் கொடுத்தார்களா என்று பார்க்கிற விசாரணை. "ஏன் குடுக்கறீங்க?" என்று கேட்டாராம். அண்ணன் சொன்னானாம்: "பாசமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. அவருக்கு வேணும், என்கிட்ட இருக்கு." அந்த அம்மாளுக்கு அது போதுமாக இருந்தது. அவன் தேறிவிட்டான். எனக்கு வந்த சந்தோஷத்தில் நேரே அப்பாவின் கட்டிலுக்குப் போய், எவ்வளவு அழகாகப் பதில் சொன்னான் பாருங்கள் என்று, ஒரு எழுத்து மாறாமல் ஒப்பித்துவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும். அப்பா அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலையில் டாக்டரிடம், "எனக்கு வேண்டாம்" என்றார்.

ஆக, சொல் வந்து சேர்ந்த அன்று நான் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்வதே பொய். இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். ஜன்னலைத் திறந்தேன், பக்கத்து மேஜைக்காரர் குளிருகிறது என்றார், மூடினேன். மாற்று அறுவைப் பிரிவின் நர்ஸ் போன் செய்தார். நாளைக் காலை டாக்டர் சுற்று வரும்போது அப்பா சம்மதம் கொடுத்துக் கையெழுத்துப் போடாவிட்டால், அறுவைக்கு எங்களுக்கு ஒதுக்கிய நாள் அடுத்த ஜோடிக்குப் போய்விடும். மறுபடி எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். "உங்க அப்பாவால அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதும்மா" என்றார். தயவாகத்தான் சொன்னார். போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

திரையில் எக்ஸ் ஓபெரெ ஓபெராத்தோ. லத்தீன். கிறிஸ்தவ இறையியல்காரர்களின் சொல். எளிமையாகச் சொன்னால் இதுதான்: ஞானஸ்நானம் போன்ற ஒரு சடங்கை முறைப்படி செய்தால், செய்ததாலேயே அது பலிக்கும். செய்து வைக்கிற பாதிரியார் நல்லவரா, கெட்டவரா, அவருக்கே நம்பிக்கை இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் வராது. ஆங்கிலத்தில் இதைச் சாய்ந்த எழுத்தில் போடுவார்கள். பெரும்பாலும் வினைச்சொல்லுக்குப் பின்னால், ஓரமாக, விருந்துக்கு வந்த பெரிய மனிதர் போல விறைப்பாக உட்கார்ந்திருக்கும்.

கணினி கொட்டிய வாக்கியங்களைப் படித்தேன். ஒரே சொல்லைக் கொண்டு ஒரு கூட்டம் ஆறுதல் சொல்கிறது, இன்னொரு கூட்டம் அடிக்கிறது. ஆறுதல்காரர்கள்: அருள் எக்ஸ் ஓபெரெ ஓபெராத்தோவாக வருகிறது, அதனால் பாதிரியாரின் யோக்கியதையை நினைத்து ஏழைச் சனம் பயப்பட வேண்டாம். அடிக்கிறவர்கள்: இவர்களுக்கு எல்லாமே எக்ஸ் ஓபெரெ ஓபெராத்தோ, மந்திரம் போட்டால் மாங்காய் விழும் என்று நினைக்கிறார்கள். மூன்றாவதாகக் கோயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லாத ஒரு கூட்டம். ஒரு பத்திரிகைக்காரர், சட்டம் போட்டுவிட்டால் எக்ஸ் ஓபெரெ ஓபெராத்தோவாக ஊர் திருந்திவிடும் என்று அமைச்சர் நம்புகிறார் என்று கிண்டல் அடித்திருந்தார்.

ஆறுதல்காரர்களின் வாக்கியங்களைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு வெறி பிடித்தது. இதைத்தானே நான் அப்பாவிடம் சொல்ல வேண்டும்? சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அப்பா தலையணையில் சாய்ந்து, கண்ணெல்லாம் மஞ்சளாக, எதிர்க் கட்டில்காரரின் சொட்டு மருந்தைக் கண்காணித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எங்கே உட்கார்ந்தாலும் அங்கே பரீட்சை நடப்பது போலத்தான் பார்ப்பார். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. குடிக்காதவனுக்கும் ஈரல் கெடும் என்று டாக்டர் சொன்னபோது, தப்பாகத் திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தார்.

"சாப்ட்டியா?" என்றார்.

"அத விடுங்க. தானம் குடுத்த மாட்ட பல்லப் பிடிச்சுப் பாக்கலாமாப்பா?"

"மாட்டுக்குப் பல்லு பாக்க வேணாம். மகனுக்கு மனசு பாக்கணும்."

"இங்க நர்ஸ் ஊசி போடறாங்களே, உங்க மேல பாசம் பொங்கியா போடறாங்க? மருந்து வேல செய்யல?"

"அவங்க நர்ஸ். அவன் என் புள்ள." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பிச்ச போடற மாதிரி குடுக்கறத உள்ள வச்சுக்கிட்டு நான் எப்படி உயிரோட இருக்கறது?"

"செத்தா எப்படி இருப்பீங்களாம்?"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது. கதவை அறைந்து சாத்தலாம் என்று பார்த்தால் அது தானாக மெதுவாக மூடுகிற கதவு.

அவர்கள் இருவருக்கும் நடுவே இருப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அண்ணன் பள்ளி இறுதித் தேர்வு எழுதியபோது அந்தக் கூடத்துக்கு அப்பாதான் மேற்பார்வை. அண்ணனின் மேஜைக்கு அடியில் ஒரு துண்டுத்தாள் கிடந்தது. அப்பா அதை எடுத்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்து, அவனை எழுப்பி வெளியே அனுப்பி, புகாரும் எழுதினார். தேர்வு எழுத அவனுக்குத் தடை வந்தது. மகன் என்றும் பார்க்காத நேர்மையாளர் என்று ஊரே அப்பாவைக் கொண்டாடியது. அதே வாரம் பின்பெஞ்சுப் பையன் வீட்டுக்கு வந்து, தாள் தன்னுடையது என்று அழுதிருக்கிறான். அப்பா அவனைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, வாயை மூடிக்கொண்டார். அம்மா இதை எங்கள் இருவரிடமும் பிற்பாடு ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அம்மா இப்போது இல்லை. அண்ணன் ஏசி மெக்கானிக் ஆனான், நல்ல மெக்கானிக். அப்பாவிடம் பேசுவதில்லை. என்னிடம் பேசும்போது அவரை "உங்கப்பா" என்பான்.

அலுவலகத்துக்குத் திரும்பினால் தேநீர் நேரம். எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நாங்கள் எழுதிய வாக்கியத்தை அந்தச் சொல்லே தெரியாத ஒருவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவர் பொருளை ஊகித்துச் சொல்லிவிட்டால் வாக்கியம் தேறியது. கேட்கிறவர் கணக்குப் பிரிவிலிருந்து வருகிற அக்கா. பிஸ்கட் உண்டு என்பதால் வருகிறார். படிக்கிறவர் எங்கள் தலைவர். அவர் "சரி, போதும்" என்றால் எந்த விவாதமும் அத்தோடு முடிந்துவிடும் என்பதால் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர்.

நான் நின்றபடியே தட்டிய வாக்கியத்தை அவர் ஆங்கிலத்தில் படித்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: அந்த வயதான பாதிரியாருக்கு நம்பிக்கை போய் வெகு காலம் ஆகியிருந்தது, ஆனாலும் அவர் கையால் தண்ணீர் ஊற்றிய குழந்தை எக்ஸ் ஓபெரெ ஓபெராத்தோவாக ஞானஸ்நானம் பெற்றது.

கணக்கு அக்கா பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டே யோசித்தார். "ஊத்தறவர் எப்படிப்பட்டவரா இருந்தா என்ன, ஊத்தினா ஊத்தினதுதான். அதானே?"

"சரி, போதும்," என்றார் முற்றுப்புள்ளி. "தேறிடுச்சு."

"அது சரி," என்றார் அக்கா, "கொழந்தைக்குக் கெடச்சுடுச்சு. அந்தப் பாதிரியாருக்கு என்ன கெடச்சுது?"

"அவருக்கு என்ன? அவர் ஊத்தறவர்."

"பாவம், எல்லாருக்கும் ஊத்திட்டு வெறுங்கையோட வீட்டுக்குப் போவாரு."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து நான் அப்பாவுக்காகவே ஓடிக்கொண்டிருந்தேன். அப்பா வாங்கிக்கொள்ள வேண்டும், அப்பா கையெழுத்துப் போட வேண்டும், அப்பா பிழைக்க வேண்டும். வயிற்றைக் கிழித்துக்கொள்ளப் போகிறவனிடம், உனக்கு ஏதாவது வேண்டுமா அண்ணா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய்யும் இல்லை.

அண்ணனின் பட்டறையில் பழைய ஏசிகள் சுவர் வரைக்கும் அடுக்கியிருந்தன. அவன் ஒரு வெளி யூனிட்டைப் பிரித்துப் போட்டு, தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சி, தகடுகளுக்கு நடுவே இருந்த அழுக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். கறுப்புத் தண்ணீர் என் செருப்பு வரைக்கும் வந்தது.

"என்ன, உங்கப்பா மனசு மாறிட்டாரா?"

"இல்ல."

"அவர் இஷ்டம். நான் குடுக்கறேன்னு சொன்னது சொன்னதுதான்." குழாயை நிறுத்தினான். "ஆனா ஒண்ணு வாயாடி, எனக்கு இந்தச் சனங்களத்தான் தாங்கல. உங்க அண்ணியோட மாமா நேத்து வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு அழறார். 'அப்பாவ மன்னிச்சுட்டியேடா, நீ மனுசன்டா'ங்கறார். நான் எப்ப மன்னிச்சேன்? நான் கல்லீரல் குடுக்கறேன். அவ்ளோதான்."

அன்றைய சொல்லை அவனிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் என் வாய்க்குப் பூட்டு கிடையாது என்பது தெரிந்த விஷயம்தானே. அவன் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டான்.

"அப்படின்னா, மன்னிக்கலன்னு சொல்லிக்கிட்டே நான் குடுத்தாலும் அது மன்னிப்பாயிடுமா?"

"தெரியலண்ணா. நான் வாக்கியம் மட்டுந்தான் எழுதறவ."

"நல்ல வேல பாத்துக் குடுத்தாரு உங்கப்பா."

"உனக்கு என்ன வேணும்? கேக்கறேன், சொல்லு."

"ஒண்ணும் வேணாம்." மறுபடி குழாயைத் திறந்தான். நான் நகரவில்லை. இங்கும் அங்கும் நடந்தேன், ஒரு திருகாணியைக் காலால் உதைத்தேன், அது கம்ப்ரசருக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது, திட்டு வாங்கினேன். கடைசியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவும்போது, சுவரைப் பார்த்துச் சொன்னான்:

"அவருக்குத் தெரியும்ல? நான் காப்பியடிக்கலன்னு?"

"தெரியும். அம்மாதான் சொன்னாளே."

"அம்மா சொன்னா. அவர் வாயால சொல்லி நான் கேட்டதில்ல." துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டான். "நாளைக்குக் காலைல வரேன். வேணாம்னா வேணாம்னு என் மூஞ்சியப் பாத்து சொல்லட்டும்."

மறுநாள் அவனுக்கு முன்னால் நான் போய்விட்டேன். அப்பாவுக்கு அப்போதுதான் முகம் துடைத்துவிட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்காராமலே ஆரம்பித்தேன்.

"அவன் வரான். அவன்கிட்ட சொல்லிடுங்க."

"எத?"

"அவன் காப்பியடிக்கலன்னு."

அப்பாவின் கை போர்வையின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டியது. இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையை அவர் முன்னால் சொன்னதில்லை. அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"எனக்கு அழத் தெரியாது," என்றார். "காலப் பிடிச்சு உருக்கமாப் பேசவும் வராது. மனசு வராம பேசினா அது நடிப்பு. நான் நடிக்கறவன் இல்ல."

"உருக வேணாம். சொல்லப்போறது உண்மைதானே? உண்மையச் சொல்ல வாய் போதும்ப்பா."

"அவனுக்கு அது போதுமா?"

"அவன் மனசில்லாம குடுக்கட்டும், நீங்க மனசில்லாம சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் அதுல சரியாப் போயிடும்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "ஒரு இடத்துல நில்லும்மா, தல சுத்துது," என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

அண்ணன் வந்தான். வேலைச் சட்டையோடு வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றான். உட்காரவில்லை. அப்பா அவனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு போர்வையை விலக்கி, சொட்டு மருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் தாங்கப் போனேன், கையால் தடுத்துவிட்டார். அந்த அறையில் ஆறு கட்டில்கள். நேராக நின்று, தொண்டையைச் செருமி, பரீட்சைக் கூடத்தில் விதிமுறை படிக்கிற அந்தக் குரலில் ஆரம்பித்தார்.

"எல்லாரும் கொஞ்சம் கவனிக்கணும்."

கவனித்தார்கள். இட்லி மாவைப் போல வீங்கிய காலோடு படுத்திருந்த ஒருவர்கூட முழங்கையை ஊன்றி எழுந்தார்.

"இவன் என் மகன். பள்ளி இறுதித் தேர்வுல இவன் காப்பியடிச்சான்னு நான்தான் அறிவிச்சேன். நான்தான் புகார் எழுதினேன். இவன் காப்பியடிக்கல. அந்தத் தாள் இவனோடது இல்ல. அது எனக்கு அந்த வாரமே தெரியும். தெரிஞ்சும் நான் யார்கிட்டயும் சொல்லல." நிறுத்தினார். வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா என்று சரிபார்ப்பது போலிருந்தது. "அவ்வளவுதான்."

குரல் நடுங்கவில்லை. கண் கலங்கவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையே அதில் இல்லை. நான் அந்த ஒரு வார்த்தையை எதிர்பார்த்திருந்தேன், அது வராததில் எனக்கு உள்ளுக்குள் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எதிர்க் கட்டில்காரர் மட்டும், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "சரிங்க சார்," என்றார்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். மூச்சு இரைத்தது. டாக்டர் சுற்று வருவதற்காகத் தாள்களோடு வந்த நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டிருந்தார். அப்பா அவரைப் பார்த்துக் கையை நீட்டினார். பேனாவை வாங்கி, கோணல் இல்லாமல், முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் திரும்பி வெளியே போனான்.

நான் பின்னால் ஓடினேன். வராந்தாவின் கோடியில், லிப்டுக்குப் பக்கத்தில், சுவரில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"மனசாரச் சொல்லல அவர்," என்றான்.

"இல்ல."

"நோட்டீஸ் படிக்கிற மாதிரி படிச்சார்."

"ஆமாண்ணா." இவன் இப்போது மாட்டேன் என்று சொன்னால் நான் என்ன செய்வேன்?

அவன் பையிலிருந்து போனை எடுத்தான். தவறான பெயரை அழுத்தி, அணைத்து, மறுபடி அழுத்தினான். அண்ணியின் குரல் எனக்கே கேட்டது. பதறிப்போய், என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்றாள்.

"சொல்லிட்டார்," என்றான் அண்ணன். "எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். நான் காப்பியடிக்கலன்னு."

"அதுக்கா இப்படிப் பேசறீங்க? நான் பயந்தே போயிட்டேன். அதான் எனக்குத் தெரியுமே. கல்யாணமான புதுசுல நீங்க சொன்ன அன்னைக்கே நம்பினேனே."

"நீ நம்பின." அவன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். வருகிறவர்கள் போகிறவர்கள் அவன் காலைத் தாண்டிப் போனார்கள். "எனக்குத்தான் சில நாள், ஒருவேள அடிச்சுத்தான் இருப்பேனோன்னு தோணிடும்."